தகரக் கூரைக்கு முதலில் எதைச் செய்வது? வீட்டு வெப்பத்தைக் குறைக்கும் வழிகளின் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், லயத்து வீடுகளை விட்டு வந்து மலிவு விலை வரிசை வீடுகளிலும் சொந்த நிலத்தில் எழுப்பிய தகரக் கூரை வீடுகளிலும் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று ஒரே கவலைதான். பிற்பகலில் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. சேர்த்து வைத்திருக்கும் சில ஆயிரம் ரிங்கிட்டை எதில் செலவிட்டால் வெப்பம் குறையும்? ஹார்ட்வேர் கடையில் அலுமினிய ஃபாயிலைக் காட்டுகிறார்கள். பெயிண்ட் விற்பவர் வெள்ளைப் பூச்சு போதும் என்கிறார். உறவினர் ஒருவர் தம் வீட்டுக் கூரையில் பொருத்திய சுழலும் காற்றுப்போக்கியைக் காட்டுகிறார். பிள்ளைகளோ ஏர்கோன் வாங்கிவிடலாம் என்கிறார்கள். இவற்றுள் எதுவும் பொய்யான வழியன்று. ஆனால் ஒரு வீட்டுக்குப் பெரும் பயன் தரும் வழி பக்கத்து வீட்டில் ஏறக்குறைய வீணாகிவிடக்கூடும். கூரை எந்தப் பொருளால் ஆனது, சீலிங் இருக்கிறதா, வெப்பம் எந்த நேரத்தில் துன்புறுத்துகிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வெப்பம் எங்கிருந்து, எவ்வளவு வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து டிகிரிக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆண்டின் மற்ற மாதங்களிலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. ஆகவே, பகல் நடுவில் சுவர்களின் மீது விழும் வெயிலை விடக் கூரையின் மீது விழுவதே மிகுதி. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் வந்து சேரும். 80 சதுர மீட்டர் கூரைக்கு அது 80 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் கொண்ட முப்பது ஏர்கோன்கள் சேர்ந்து நீக்கக்கூடிய வெப்பத்துக்கு இது சமம். இதில் பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிப் போய்விடுகிறது. எஞ்சிய சிறுபகுதி உள்ளே வருவதற்கே நாம் இந்தப் பாடு படுகிறோம்.

வெப்பம் கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று வழிகளில் பரவுகிறது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். கூரையைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஒரே அளவு முக்கியமானவை அல்ல. அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு வெப்பக் கடத்தலைத் தடுப்பதே இல்லை எனலாம். தகட்டின் மேற்புறம் 62 டிகிரி என்றால் அடிப்புறமும் 62 டிகிரிதான். அந்தத் தகட்டுக்குக் கீழே உள்ள காற்று சூடாகிறது. சூடான காற்று இலேசானது என்பதால் அது மேலேயே தங்கிவிடுகிறது, கீழிறங்கி வந்து சீலிங்கைச் சூடாக்குவதில்லை. ஆகையால் வெப்பச்சலனத்தின் பங்கும் இங்கே குறைவு. கூரையிலிருந்து சீலிங்குக்கும், சீலிங் இல்லாத வீட்டில் நேராக நம் தலைக்கும் வந்து சேரும் வெப்பத்தின் பெரும்பகுதி கதிர்வீச்சாகவே வருகிறது. காற்று அதை வழிமறிப்பதில்லை. மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழலவிட்டாலும் தலைக்கு மேலே ஏதோ எரிவது போன்ற உணர்வு நீங்காததற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கதிர்வீச்சின் அளவை ஜோசப் ஸ்டெஃபான் 1879இல் கண்டறிந்து, லுட்விக் போல்ட்ஸ்மான் 1884இல் கோட்பாட்டு வழியில் நிறுவிய விதியால் கணக்கிடலாம். ஒரு பரப்பு வெளியிடும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவின்) நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி. அதோடு, ஒரு பரப்பு எவ்வளவு எளிதாகக் கதிர்வீச்சை வெளியிடுகிறது என்பதைக் காட்டும் ‘உமிழ்திறன்’ என்ற ஓர் எண்ணும் சேர்கிறது. நிறம் பூசிய தகடு, ஓடு, மரம், சிமெண்டுப் பலகை ஆகியவற்றின் உமிழ்திறன் 0.9 அளவில் இருக்கும். பளபளப்பான அலுமினியத்துக்கோ அது 0.05 மட்டுமே. இப்போது 62 டிகிரி வெப்பமுள்ள கூரையையும் 38 டிகிரி வெப்பமுள்ள சீலிங்கையும் எதிரெதிரே வைத்துக் கணக்கிட்டால், இரண்டுக்கும் உமிழ்திறன் 0.9 எனில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட் கீழே இறங்குகிறது. இரண்டில் ஒரு பரப்பின் உமிழ்திறன் 0.05 ஆக மாறினால், வெப்பநிலைகள் அப்படியே இருக்கும்போதே அது 9 வாட்டாகக் குறைந்துவிடுகிறது. ஃபாயில் என்ற மெல்லிய தாள் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதுமான விளக்கம். 1892இல் ஜேம்ஸ் டியூவர் வடிவமைத்த வெற்றிடக் குடுவை, அதாவது இன்று நாம் காப்பி ஊற்றி வைக்கும் ஃபிளாஸ்க், வெள்ளிப்பூச்சின் மூலம் கதிர்வீச்சைத் தடுப்பதும் இதே விதியின்படிதான்.

ஆனால் நடைமுறையில் ஃபாயில் மீது வைத்த நம்பிக்கை பல வீடுகளில் வீணாகிறது. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வேலையாள் முறையாகச் செய்தாரா இல்லையா என்பதை வீட்டுக்காரர் தாமே சரிபார்க்க முடியும். பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஃபாயிலை இடைவெளியின்றி நெருக்கிவிட்டால் வெப்பம் கடத்தல் வழியாகவே கடந்துவிடும். அலுமினியம் மிகச் சிறந்த வெப்பக் கடத்தி என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியாவது இருப்பது நல்லது. அடுத்து, பளபளப்பான முகம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வெயில் மேலிருந்து வருகிறதே, முகம் மேல்நோக்கி இருந்தால்தானே அதைத் திருப்பி அனுப்பும் என்று கேட்கிறார்கள். கணக்கின்படி எந்தப் பக்கம் பார்த்தாலும் பலன் ஒன்றே. மேல்நோக்கிய முகம் கதிர்வீச்சைப் பிரதிபலிக்கிறது. கீழ்நோக்கிய முகம் தான் சூடானாலும் அந்தச் சூட்டைக் கதிர்வீச்சாக வெளியிட மறுக்கிறது. வேறுபாடு தூசியில்தான் இருக்கிறது. சீலிங்கின் மேல் மேல்நோக்கி விரித்த ஃபாயில் சில ஆண்டுகளில் தூசி படிந்து மங்கிவிடும். அதன் உமிழ்திறன் 0.5 அளவுக்கு ஏறினால், முன்பு சொன்ன 9 வாட் 87 வாட்டாக உயர்ந்துவிடும். கைமரங்களின் அடிப்புறத்தில், முகம் கீழ்நோக்கி இருக்கும்படி அடித்த ஃபாயிலில் தூசி படிய இடமில்லை. இரண்டு பக்கமும் பளபளப்பான ஃபாயில் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

குமிழி வைத்த ஃபாயில் என்று தடித்த தாள் ஒன்றும் விற்கப்படுகிறது. அதன் அட்டையில் அச்சிட்டிருக்கும் வெப்பத் தடை எண் பெரும்பாலும் காற்று இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டதாகவே இருக்கும். குமிழிகளின் தடிமன் நாலைந்து மில்லிமீட்டர். அதனால் மட்டும் பெரிய தடை ஏற்பட வழியில்லை. பிளாஸ்டிக் குமிழி தீப்பற்றக்கூடியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஃபாயிலில் உள்ள உண்மையான ஆபத்து மின்சாரம். பழைய வீடுகளில் கூரைக்குள் ஓடும் வயர்களின் உறை வெடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். உலோக ஸ்டேப்பிள் ஒன்று வயரைத் துளைத்தால் ஃபாயில் முழுவதிலும் மின்சாரம் பாயும். ஆஸ்திரேலியாவில் 2009இல் அரசு மானியத்தோடு தொடங்கிய வீட்டு வெப்பத்தடுப்புத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுள் இருவர் கூரைக்குள் ஃபாயில் பதிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். 2010 பிப்ரவரியில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆகவே, மெயின் சுவிட்சை அடைத்த பிறகே யாரும் கூரைக்குள் ஏற வேண்டும். வயர்கள் பழையனவாக இருந்தால் மின்பணியாளரை அழைத்து அவற்றைச் சீர்செய்த பிறகே ஃபாயில் வேலையைத் தொடங்க வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் ஃபாயிலே வேண்டாம் என்று முடிவு செய்வது நல்லது.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. வெப்பம் கூரைக்குள் புகுந்த பிறகு தடுப்பதை விட, கூரையின் மேற்புறத்திலேயே திருப்பி அனுப்புவது அடிப்படையில் சிறந்த வழி. துருவேறிய பழைய தகரம் தன்மீது விழும் வெயிலில் 80 விழுக்காடு வரை உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல வெள்ளைப் பூச்சு புதிதில் 20 விழுக்காடு அளவே உறிஞ்சும். 900 வாட் வெயிலும் 33 டிகிரிக் காற்றும் உள்ள ஒரு பிற்பகலில் முதல் கூரை 60 டிகிரியைத் தாண்டும்போது, வெள்ளைக் கூரை 42, 44 டிகிரியில் நின்றுவிடும். 44 டிகிரிக் கூரையிலிருந்து 38 டிகிரிச் சீலிங்குக்கு இறங்குவது சதுர மீட்டருக்கு 35 வாட்டுக்கும் சற்றுக் குறைவே. முன்பு பார்த்த 150 வாட்டோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

புதுத் தகரம் பளபளவென்று மின்னுகிறதே, அதுவே வெயிலைத் திருப்பி அனுப்பிவிடாதா என்ற கேள்வி எழலாம். பளபளப்பான துத்தநாகப் பூச்சு வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவது உண்மை. ஆனால் உறிஞ்சிய மிச்சத்தை அது வானத்துக்குக் கதிர்வீச்சாக விடுவதில்லை, ஏனெனில் அதன் உமிழ்திறன் 0.25 அளவே. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, பெற்ற சூட்டை 0.9 என்ற உமிழ்திறனோடு வெளியே கொட்டியும் விடுகிறது. அதனால்தான் வெயிலில் நிற்கும் புதுத் தகரம் வெள்ளைத் தகரத்தை விடச் சூடாக இருக்கிறது. கூரைக்கு மேற்புறத்தில் உமிழ்திறன் மிகுந்திருக்க வேண்டும், கீழ்ப்புறத்தில் குறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே வரியை மனத்தில் நிறுத்தினால் கடைக்காரர் காட்டும் பொருள்களில் பாதியைத் தாமே மதிப்பிட்டுவிடலாம்.

பூச்சின் குறை அதன் ஆயுள். நம் ஊர் ஈரத்தில் கூரையின் மேல் கரும்பாசி வளர்கிறது. நெடுஞ்சாலைத் தூசியும், ஆலைகளுக்கு அருகில் உள்ள வீடுகளில் புகைக்கரியும் படிகின்றன. சில ஆண்டுகளில் வெண்மை மங்கி, எதிரொளிப்பு 80 விழுக்காட்டிலிருந்து 60 அளவுக்கு இறங்கிவிடலாம். கழுவினால் ஓரளவு மீளும். துருவைச் சுரண்டி, முதல் பூச்சு அடித்து, அதன்மேல் வெள்ளை அடித்தால்தான் அது ஒட்டி நிற்கும். மழை வரும் முன் ஒரே நாளில் வேலையை முடித்துத் தருகிறேன் என்னும் குத்தகையாளரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தோட்டப்புறப் பழைய கட்டடங்களில் அலையலையான சாம்பல்நிறத் தகடுகள் பல உலோகமே அல்ல. அவை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடுகள். அவற்றைச் சுரண்டவோ துளையிடவோ உயர் அழுத்த நீரால் கழுவவோ கூடாது. அந்த இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. கையால் தட்டிப் பார்த்து ஐயம் எழுந்தாலே வேலையை நிறுத்திவிட்டு, அதை அகற்றத் தகுதி பெற்றவர்களை அணுக வேண்டும்.

வெள்ளையும் அடித்து ஃபாயிலும் போட்டால் இரட்டைப் பலன் கிடைக்குமா? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஃபாயில் மட்டும் போட்ட கூரையில் மிச்சம் 9 வாட். அதற்கு மேல் வெள்ளையும் அடித்தால் அது 2 வாட் ஆகும். முதல் வேலை 141 வாட்டைக் குறைத்தது. ஏறக்குறைய அதே செலவில் செய்த இரண்டாவது வேலை 7 வாட்டைத்தான் குறைக்கிறது. உண்மையான வீட்டில் ஃபாயிலில் ஓட்டைகளும் இணைப்பு இடைவெளிகளும் இருக்கும், ஓரங்களில் காற்று கசியும், சட்டங்களின் வழியே வெப்பம் கடந்து வரும்; ஆகவே 9 என்பது 20, 30 ஆகவும் இருக்கலாம். அப்படியிருந்தும் முதல் வேலைக்கும் இரண்டாவதற்கும் உள்ள பலன் வேறுபாடு பெரியதே. இரண்டையும் சேர்த்து விற்க வருபவரிடம் ஒன்றை மட்டும் இப்போது செய்யச் சொல்லி, ஒரு வெயில் காலம் கடந்த பின் மற்றதைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்வதே அறிவுடைமை.

மூன்றாவது வழியான ராக்வூலை, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சை, நம் ஊரார் பலர் ஏற்கெனவே அறிவார்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர்கள், நீராவிக் குழாய்களின் மேல் அதைச் சுற்றி, வெளியே அலுமினியத் தகடு போர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அங்கே அது இன்றியமையாதது, ஏனெனில் குழாயின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுகிறது, இரவு பகல் என்று ஓய்வின்றிச் சூடாகவே இருக்கிறது. எஃகின் வெப்பக் கடத்துதிறன் 50 என்றால் ராக்வூலுடையது 0.04க்கும் குறைவு, அசையாத காற்றின் 0.026க்கு அருகில் வந்துவிடுகிறது. உண்மையில் தடுப்பது அந்த இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றுதான். சீலிங்கின் மேல் 100 மில்லிமீட்டர் தடிமனில் விரித்தால், மேலும் கீழும் 26 டிகிரி வேறுபாடு இருக்கும்போது சதுர மீட்டருக்கு 10 வாட்டுக்கும் குறைவாகவே இறங்கும். 50 மில்லிமீட்டர் என்றால் 19 வாட்.

எண்களைப் பார்த்தால் ஃபாயிலும் ராக்வூலும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன, செலவோ ராக்வூலுக்குக் கூடுதல். எனினும் அதைத் தேர்ந்தெடுக்க இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. பகலிலேயே ஏர்கோன் ஓடும் வீட்டில், காலப்போக்கில் மங்காத, ஓட்டைகளால் பெரிதும் கெடாத தடை தேவை, அது ராக்வூல். மற்றொன்று மழை. தகரத்தின் மேல் அடைமழை கொட்டும்போது வீட்டுக்குள் பேசுவது கேட்காது, தொலைக்காட்சி கேட்காது, படிக்கும் பிள்ளைக்குக் கவனம் நிற்காது. ஃபாயிலோ வெள்ளைப் பூச்சோ இந்த ஓசையைக் குறைப்பதில்லை, ராக்வூல் குறைக்கிறது. பிள்ளைகள் பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் வீட்டில் இந்த ஒரு பயனுக்காகவே அதைப் போடலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

அதன் எதிரி ஈரம். மேகமில்லாத இரவில் தகரம் வானத்துக்குக் கதிர்வீச்சை அனுப்பிச் சுற்றுக்காற்றை விடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் அதன் அடிப்புறத்தில் பனிநீர் துளிர்த்துச் சொட்டுகிறது. அந்த நீர் ராக்வூலில் இறங்கினால் இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும், தடை குறைந்துவிடும். கீழே ஏர்கோன் அறை இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும். குளிர்ந்த சீலிங்கை அது தொட்டால் நீராகும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நீராவியைத் தடுக்கும் தாள் ராக்வூலின் மேற்புறத்தில், அதாவது வெப்பமான பக்கத்தில் இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் இது தலைகீழ். அங்கே வீட்டின் உட்புறம்தான் வெப்பமான பக்கம். அந்த நாடுகளுக்காக அச்சிட்ட செயல்முறைத் தாளை அப்படியே பின்பற்றினால் நம் வீட்டுச் சீலிங் கெட்டுவிடும். எலிகள் கூடு கட்டாமல் இருக்க ஓரங்களைக் கம்பிவலையால் அடைப்பதும் தேவை.

தரநிலை ஒன்றை வேண்டுபவர்களுக்கு, மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525 இலேசான கூரைகளின் யூ மதிப்பு (ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கும் வாட்) 0.4க்கு மேல் போகக் கூடாது என்று வரையறுக்கிறது. அது குடியிருப்பல்லாத கட்டடங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் அளவுகோலாகக் கொள்ளலாம். யூ மதிப்பு 0.4 என்றால் கூரையின் மொத்த வெப்பத் தடை 2.5; நூறு மில்லிமீட்டர் ராக்வூல் தனியாகவே இதை எட்டிவிடும்.

சுழலும் காற்றுப்போக்கியைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே தேங்கும் சூடான காற்றை அது வெளியேற்றுகிறது. கூரையிலிருந்து கீழே பாயும் கதிர்வீச்சை அது தொடுவதே இல்லை. பத்து டிகிரி கூடுதல் சூடான காற்றின் மூலம் ஒரு கிலோவாட் வெப்பத்தை அகற்ற மணிக்கு 310 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். அதே அளவு காற்று உள்ளே வரவும் வேண்டும். தாழ்வாரத்தின் அடிப்புறத்தைப் பலகையால் முழுவதும் மூடிய வீட்டில் காற்று உள்ளே வர வழியில்லை. அங்கே அது சுழலும், ஆனால் பெரிதாக எதையும் இழுக்காது. தாழ்வாரத்தில் காற்றுவழி திறந்திருக்கும் வீட்டில், ஃபாயிலோ பூச்சோ முடிந்த பிறகு, கூரைக்குள் உள்ள ஈரத்தைப் போக்க அதைச் சேர்க்கலாம்.

இனி ஏர்கோன். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஏறத்தாழ 2.6 கிலோவாட் வெப்பத்தை நீக்கவல்லது. 14 சதுர மீட்டர் படுக்கையறையில், தடுப்பு ஏதுமில்லாத சீலிங் வழியாகப் பிற்பகலில் சதுர மீட்டருக்கு 40 வாட் வந்தால் அது 560 வாட். ஏர்கோனின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கூரையே தின்றுவிடுகிறது. இதை மின்சாரமாக மாற்றினால் ஏறத்தாழ 190 வாட். ஆறு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். நேர்மையாகப் பார்த்தால், ஓர் அறையில் மட்டும் ஏர்கோன் ஓட்டும் குடும்பத்துக்கு இந்தச் சேமிப்பு பெரிய தொகையன்று. கூரை வேலைக்குப் போட்ட பணத்தைத் தெனாகா மின்கட்டண பில்லில் விரைவில் திரும்பப் பெறலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். கூரை வேலையின் உண்மையான பலன் ஏர்கோன் இல்லாத கூடத்திலும் சமையலறையிலும் கிடைக்கிறது. பகலில் அங்கேதான் பாட்டியும் தாத்தாவும் உட்கார்ந்திருக்கிறார்கள், அம்மா சமைக்கிறார்.

இரவு வெப்பம் தனிக் கதை. எங்கள் வீட்டில் பகலை விட இரவு பத்து மணிக்குத்தான் புழுக்கம் தாங்கவில்லை என்பவர்கள் கூரையைக் குறை சொல்வது பெரும்பாலும் தவறு. அரை மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோஜூலுக்கும் குறைவான வெப்பத்தையே டிகிரிக்குச் சேமிக்கிறது. வெயில் மறைந்த சில நிமிடங்களில் அது ஆறிவிடும். சிமெண்டு ஓடு ஆற ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகலாம். செங்கல் சுவரோ ஒரு சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 170 கிலோஜூல் அளவு சேமித்து வைக்கிறது. மேற்கு நோக்கிய மூலை வீட்டுச் சுவர் மாலை வெயிலை முழுவதும் வாங்கி, இரவு நெடுநேரம் வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். பழைய பலகை லயத்து வீடுகள் பகலில் எப்படி இருந்தாலும் இரவில் விரைவாகக் குளிர்ந்தன என்று பெரியவர்கள் சொல்வது உண்மையே. பலகைச் சுவருக்குச் சேமிக்கும் திறன் குறைவு, தரையும் நிலத்திலிருந்து உயர்ந்திருந்தது. இத்தகைய செங்கல் வீட்டுக்குக் கூரையில் செலவிடும் முன், மேற்குச் சுவருக்கு நிழல் தர வேண்டும். சுவரை விட்டு ஒரு கைப்பிடி அகலம் தள்ளிப் பொருத்திய தகடோ, பந்தலில் ஏற்றிய கொடியோ, சுவருக்கு வெள்ளைப் பூச்சோ போதும். இரவில் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிட்டால் சுவர் விரைவில் ஆறும். இரவில் மட்டும் ஏர்கோன் போடும் வீட்டில் ராக்வூலை விட இதுவே பயன் தரும்.

கோயில் மண்டபங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் திருப்பணிக் குழுக்கள் இதே கேள்வியைப் பெரிய அளவில் எதிர்கொள்கின்றன. கூரையை உயர்த்திக் கட்டினால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. உயரம் சூடான காற்றைத் தலைக்கு மேலே தங்கவைக்கிறது. கதிர்வீச்சோ உயரத்தால் அவ்வளவாகக் குறைவதில்லை. அகன்ற கூரை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கீழே உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலுள்ள பரப்பு முழுவதையும் அதுவே நிறைத்திருக்கிறது. சீலிங் இல்லாத மண்டபத்துக்கு வெள்ளைக் கூரையே முதல் தேர்வு. கூரையைப் புதிதாகப் போடும் குழுவினர், தகடுகளை ஏற்றும் முன் சட்டங்களின் மேல் ஃபாயிலைச் சற்றுத் தொய்வாக விரித்துவிட்டால் இடைவெளி தானே அமையும். பிறகு சாரம் கட்டிச் செய்வதற்கு ஆகும் செலவில் சிறு பகுதியே அப்போது ஆகும்.

ஆக, சீலிங் இல்லாத துருவேறிய தகரக் கூரை வீட்டுக்கு வெள்ளைப் பூச்சை முதலில் செய்யச் சொல்வேன். தகரத்தில் ஓட்டை விழுந்திருந்தால் பூச்சில் பணத்தை விடாமல், வெளிர்நிறத் தகடாக மாற்றி, மாற்றும்போதே ஃபாயிலையும் போட்டுவிட வேண்டும். சீலிங்கும் ஓடும் உள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு, வயர்கள் நன்றாக இருக்குமானால், கைமரத்தின் கீழ் ஃபாயில். பகலில் ஏர்கோன் ஓடும் வீட்டுக்கும் மழை ஓசையால் அவதிப்படும் வீட்டுக்கும் ராக்வூல். இரவுப் புழுக்கம் மட்டுமே சிக்கல் என்றால் மேற்குச் சுவர். ஏர்கோன் வாங்குவது இவற்றுக்குப் பிறகு இருந்தால், ஒன்றரைக் குதிரைத்திறனுக்குப் பதிலாக ஒன்றே போதுமானதாகக்கூட இருக்கலாம்.

செலவிடும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். தொடாமலே வெப்பநிலை காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது எளிதில் கிடைக்கிறது. மேகமில்லாத நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு சீலிங்கின் அடிப்புறத்தையும், இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரின் உட்புறத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டால், சிக்கல் கூரையிலா சுவரிலா என்பது தெரிந்துவிடும். வேலை முடிந்த பிறகு அதே நேரத்தில், அதைப் போன்ற வெயில் நாளில் மீண்டும் சீலிங்கை அளக்க வேண்டும். ஃபாயிலின் மீது மட்டும் அந்தக் கருவியைக் காட்ட வேண்டாம். உமிழ்திறன் குறைந்த பரப்பு தன் வெப்பநிலையைக் காட்டாது, எதிரே இருக்கும் பொருளின் வெப்பநிலையையே பெரும்பாலும் திருப்பிக் காட்டும். குத்தகையாளர் அந்த எண்ணைக் காட்டி வேலை சிறப்பாக முடிந்தது என்று சொன்னால், சீலிங்கை அளந்து காட்டும்படி கேளுங்கள்.